திறமை இருந்தும் தடுமாறும் இளம் ரிசீவர்: ஆட விடுவதா, இடம் மாற்றுவதா, விற்பதா?

அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில், புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றிலோ இரண்டாம் சுற்றிலோ எடுத்த வைட் ரிசீவர், அதாவது எறிந்த பந்தை ஓடிப் பிடிப்பவர். வேகத்துக்குக் குறையில்லை, உயரம் இருக்கிறது, கல்லூரியில் எதிரணிகளைத் தனியாளாகத் திணறடித்தவர். என்எஃப்எல்லில் இரண்டு பருவம் ஓடிவிட்டது. ஒரு பருவத்துக்கு முப்பது நாற்பது கேட்சுகளைத் தாண்டவில்லை. மூன்றாவது டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில்) பந்து கையில் பட்டுக் கீழே விழுகிறது, சொந்த மைதானமே கத்துகிறது. அணி நிர்வாகத்துக்கு முன்னால் ஐந்து வழிகள் இருக்கின்றன. அதே இடத்தில் தொடர்ந்து ஆட விடலாம். இடத்தை மாற்றி வேலையைச் சுருக்கலாம். சில வாரம் உட்கார வைக்கலாம். வேறு அணிக்குக் கொடுத்துவிடலாம். நீக்கிவிட்டு, பயிற்சிக்காக வைத்திருக்கும் பிராக்டிஸ் ஸ்குவாடில் பிடித்துக்கொள்ளப் பார்க்கலாம்.

எந்த வழி என்பதை, அவர் எந்தக் கட்டத்தில் தோற்கிறார் என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டும். டிராப் (நழுவவிட்ட பந்து) எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் அணி பெரும்பாலும் தவறான கதவைத் தட்டும்.

முதலில் படத்தைப் போட்டுப் பாருங்கள்

தொலைக்காட்சிப் படம் இதற்கு உதவாது. கேமரா பந்தின் பின்னால் ஓடும். இருபத்திரண்டு பேரும் தெரிகிற உயரக் கோணப் படத்தை எடுத்து, அவர் ஓடிய கடைசி 150 ரூட்டுகளை, அதாவது முன்கூட்டியே வகுத்த ஓட்டப் பாதைகளை, பாருங்கள். பந்து அவருக்கு வராதவற்றையும் சேர்த்துத்தான். ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்விகள் போதும். ஆட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து சுத்தமாக வெளியேறினாரா? சொன்ன ஆழத்தில் திரும்பினாரா? தடுப்பு மேனா (ஆளுக்கு ஆள்) ஜோனா (பகுதி பகுதியாக) என்று சரியாகப் படித்தாரா? பந்தை எறியும் குவாட்டர்பேக் அதை விடத் தயாரான நொடியில் ரிசீவருக்கும் அவரைத் தடுக்கும் கார்னர்பேக்குக்கும் இடையே இடைவெளி இருந்ததா? கேட்ச் பிடித்தாரா என்பது ஐந்தாவது கேள்வி. அதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு.

கணக்கைப் பாருங்கள். ஒரு பருவத்தில் 60 பந்துகள் வருகின்றன, 6 நழுவுகின்றன: பத்து சதவீதம், ஊரே திட்டும். அடுத்த பருவத்தில் 60க்கு 3 நழுவினால் ஐந்து சதவீதம், "கை தேறிவிட்டது" என்று எழுதுவார்கள். நடுவில் இருப்பது வெறும் மூன்று பந்துகள். இவ்வளவு சிறிய எண்ணை நம்பிக் கோடிக்கணக்கான டாலர் முடிவை எடுக்கக் கூடாது. 150 ரூட்டுகளில் எத்தனை முறை ஆள் விலகித் தனியாக நின்றார் என்பது அதைவிட உறுதியான எண்.

கல்லூரியிலிருந்து வரும்போது என்ன மாறுகிறது என்பதையும் மனதில் வைக்க வேண்டும். அங்கே ஒரு கால் எல்லைக்கோட்டுக்குள் பட்டால் கேட்ச். இங்கே இரண்டு கால். அங்கே பந்தில் வெள்ளைப் பட்டை உண்டு, இங்கே இல்லை. 2021 பயிற்சி ஆட்டங்களில் ஜமார் சேஸ் பந்துகளை நழுவவிட்டபோது பட்டை இல்லாததைத்தான் சொன்னார், பலரும் சிரித்தார்கள். அந்தப் பருவத்தை அவர் 1,455 யார்டு, 13 டச்டவுனோடு (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பது) முடித்தார். கல்லூரி மைதானத்தில், ஆட்டம் தொடங்கப் பந்தை வைக்கும் ஹாஷ் கோடுகளுக்கு இடையே 40 அடி. என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். பந்து எப்போதும் நடுவிலேயே இருப்பதால், கல்லூரியில் அகலமான பக்கத்தில் கிடைத்த திறந்தவெளி இங்கே காணாமல் போகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இங்கே கார்னர்பேக் கோட்டிலேயே நெருங்கி நின்று, முதல் ஐந்து யார்டுக்குள் கை வைத்துத் தடுப்பார். தள்ளி நின்ற கார்னர்களையே பார்த்துப் பழகியவர், நெஞ்சோடு நெஞ்சு நிற்கும் ஆளைப் பார்த்ததும் கால்களை ஒரே இடத்தில் அடித்துக்கொண்டு நிற்பார். அதில் அரை நொடி போகும். குவாட்டர்பேக் ஐந்து எட்டு பின்வாங்கி எறியும்போது பந்து சுமார் இரண்டரை நொடியில் கையைவிட்டுப் போக வேண்டிய ஆட்டத்தில், அரை நொடி போனால் அந்த ரூட்டே போயிற்று.

வழி ஒன்று: அதே இடத்தில் ஆட விடுவது

இதற்கு எல்லோரும் காட்டும் சாட்சி தவாண்டே ஆடம்ஸ். கிரீன் பே அவரை 2014இல் இரண்டாம் சுற்றில் எடுத்தது. 2015இல் 50 கேட்ச், 483 யார்டு, ஒரே ஒரு டச்டவுன். நழுவவிட்ட பந்துகள் பேச்சானது. 2016இல் 75 கேட்ச், 997 யார்டு, 12 டச்டவுன். 2020இல் 18 டச்டவுன். "பொறுத்திருந்தால் போதும்" என்று இந்தக் கதையைச் சொல்வார்கள். ஆனால் 2015ஐக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். அணியின் முதன்மை ரிசீவர் ஜோர்டி நெல்சனின் முழங்கால் தசைநார் ஆகஸ்டிலேயே கிழிந்து, அந்தப் பருவம் முழுக்க அவர் ஆடவில்லை. இரண்டாம் ஆண்டுப் பையன் மேலே தள்ளப்பட்டார். எதிரணியின் நல்ல கார்னர்கள் அவர்மீது திரும்பினார்கள். கணுக்கால் காயம் வேறு. நெல்சன் திரும்பி, காயமும் ஆறியதும் எண்கள் திரும்பின. அவர் கோட்டிலிருந்து வெளியேறும் விதம் நன்றாக இருந்தது என்பதுதான் பொறுமைக்கு ஆதாரமாக இருந்தது. அது இல்லாத ஒருவரிடம் காட்டும் பொறுமையில் காலம்தான் கழியும்.

ஆகவே இந்த வழிக்கு நிபந்தனை ஒன்று: முதல் நான்கு கேள்விகளில் அவர் தேற வேண்டும், ஐந்தாவதில் மட்டும் தோற்க வேண்டும். அப்போது வேலை கையில்தான்.

கை வேலை என்றதும் பந்து எறியும் ஜக்ஸ் எந்திரத்தின் முன் நிறுத்தி 200 பந்து பிடிக்கச் சொல்வார்கள். அதில் பாதிதான் பயன். எந்திரத்தின் பந்து ஒரே சுழற்சியில் ஒரே இடத்துக்கு வரும், பிடிப்பவர் நின்றுகொண்டிருப்பார். ஆட்டத்தில் இரண்டும் நடக்காது. நாளுக்கு 100 பந்துகளை இப்படிப் பிரித்தால் பலன் தெரியும்: 7, 8 யார்டிலிருந்து நெஞ்சுயரத்தில் 25, கட்டைவிரல்கள் சேர்ந்து; இடுப்புக்குக் கீழே 20, சுண்டுவிரல்கள் சேர்ந்து; இடது, வலது தோளுக்கு மேலாக 15, 15; கடைசி 25 எந்திரத்தில் வேண்டாம், பயிற்சி முடிந்து கால் ஓய்ந்த நேரத்தில் குவாட்டர்பேக்கின் கையிலிருந்து, ஓடிக்கொண்டே. ஒவ்வொரு பந்தையும் அக்குளில் செருகி, முழங்கையை விலாவோடு ஒட்டிய பிறகே எண்ண வேண்டும். டிராப்புகளில் கணிசமானவை பிடிப்பதில் நடப்பதில்லை. பந்து கைக்கு வரும் முன்னே தலை ஓடும் திசைக்குத் திரும்பிவிடுவதால் நடக்கின்றன. பந்தின் மூக்கு உள்ளங்கைக்குள் போகும்வரை கண் அதிலேயே இருக்க வேண்டும்.

இன்னொரு வகை, பந்தை மார்பில் வாங்குபவர். அடி விழும் என்ற எண்ணத்தில் முழங்கை விறைத்துப் போவதால் வருவது இது. எந்திரத்தின் முன் எவ்வளவு நிறுத்தினாலும் தீராது. பந்து வரும் நொடியில் பயிற்சியாளர் மெத்தைப் பையால் முதுகிலும் விலாவிலும் இடிக்க வேண்டும், முகத்துக்கு முன் கை வீச வேண்டும். இதற்கெல்லாம் முன்னால் கண் பரிசோதனை. அரை நாள் வேலை, அதைச் செய்யாமலே ஒரு பருவத்தைத் தொலைக்க வேண்டாம்.

ஆட்ட நாளில், முன்கூட்டியே எழுதி வைத்த முதல் பதினைந்து நகர்வுகளுக்குள் இரண்டு எளிய பந்துகள் அவருக்குப் போக வேண்டும்: ஒரு ஹிட்ச் (சில யார்டு ஓடி, நின்று திரும்பி வாங்குவது), ஒரு பபிள் ஸ்கிரீன் (கோட்டருகே பக்கவாட்டில் வாங்கும் குறும்பந்து). ஒன்று நழுவினால் அதே தொடரில் இன்னொன்று, அதுவும் எளியதாக. நழுவவிட்ட கையோடு மூன்றாவது டவுனில் 8 யார்டு தேவைப்படும் பந்தை அவருக்கு எறிந்து "நம்பிக்கை காட்டுவது" வீண் வீரம்.

வழி இரண்டு: இடம் மாற்றி, ரூட்டுகளைச் சுருக்குவது

எங்கள் கணிப்பில், தடுமாறும் இளம் ரிசீவர்களில் பலருக்கு முதலில் முயல வேண்டியது இதுதான். காரணம் விதியிலேயே இருக்கிறது. வெளியோரத்தில் ஆடும் எக்ஸ் ரிசீவர் கோட்டிலேயே நிற்க வேண்டும். அவர் முன்கூட்டியே நகர முடியாது, கார்னர் முகத்துக்கு முன்னால் நிற்பார், பக்கவாட்டில் எல்லைக்கோடு. உள்பக்க இடமான ஸ்லாட்டில் நிற்பவர் கோட்டுக்குப் பின்னால் ஒரு யார்டு தள்ளி நிற்கலாம். இடமும் வலமும் திறந்திருக்கும். ஸ்னாப்புக்கு (பந்து ஆட்டத்துக்கு வரும் நொடிக்கு) முன் பக்கவாட்டில் நகரலாம். நகரும் ஆளை நெஞ்சில் பிடித்து நிறுத்துவது கடினம். ஆக, முதல் கேள்வியில் தோற்பவருக்கு அந்தக் கேள்வியே தளர்ந்துவிடுகிறது.

நெல்சன் அகலோர் இதற்குத் தெளிவான உதாரணம். 2015இல் ஃபிலடெல்ஃபியா 20ஆவது இடத்தில் எடுத்தது. முதல் ஆண்டு 23 கேட்ச், இரண்டாம் ஆண்டு 36. 2017இல் அல்ஷான் ஜெஃப்ரி வெளிப்பக்கத்துக்கு வந்தார், ஸ்லாட்டில் ஆடிய ஜோர்டான் மேத்யூஸ் பஃபலோவுக்குப் போனார், அகலோர் உள்ளே நகர்ந்தார். 62 கேட்ச், 768 யார்டு, 8 டச்டவுன். அந்தப் பருவத்தின் சூப்பர் பவுலில் 9 கேட்ச், 84 யார்டு. ஆள் அதே ஆள், நின்ற இடம் வேறு.

சுருக்குவது என்றால் எவ்வளவு? வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ரூட்டுகளைச் சுமப்பவருக்கு ஐந்து: உள்பக்கம் சாய்ந்து ஓடும் ஸ்லாண்ட், குறுக்கே ஓடும் கிராசர், பபிள், நடுவே நேராகப் போகும் சீம், மூலையை நோக்கிப் போகும் கார்னர் ரூட். இதில் ஆப்ஷன் ரூட்டைச் சேர்க்காதீர்கள். ஸ்லாட் என்றாலே ஆப்ஷன் ரூட் என்று பயிற்சியாளர்களுக்குக் கை ஊறும். ஆனால் அது ஓடிக்கொண்டே தடுப்பைப் படித்து, குவாட்டர்பேக் நினைப்பதையே தானும் நினைக்க வேண்டிய ரூட். மூன்றாவது கேள்வியில் தடுமாறுபவருக்கு அதைக் கொடுத்தால் இன்டர்செப்ஷன் (எதிரணி பந்தைப் பிடிப்பது) வரும், பழி அவர்மேல் விழும். ஆறு வாரத்தில் ஐந்தும் ஆழம் தவறாமல் வந்தால், நேராக ஓடிச் சட்டென உள்ளே திரும்பும் டிக்கைச் சேருங்கள்: 12 யார்டில் திரும்ப வேண்டும் என்றால் 12, பத்தல்ல. திரும்பும் முன் உடம்பை நிமிர்த்துவது, சின்னச் சின்ன அடிகளாகக் காலைப் போட்டு முன்னறிவிப்புக் கொடுப்பது, மூலையை வட்டமாக அறுப்பது ஆகிய மூன்றும்தான் இங்கே வழக்கமான பிழைகள். மூன்றுக்கும் வேர் ஒன்று: இடுப்பு இறங்கவில்லை.

எல்லோருக்கும் ஸ்லாட் பொருந்தாது. ஆறடி நான்கு அங்குலம், நேர்க்கோட்டில் குதிரை, இடுப்பு மட்டும் இறுக்கம் என்றால் உள்ளே அவர் நெரிபடுவார். அங்கே தடுப்பின் நடுவில் நிற்கும் சேஃப்டியையும் லைன்பேக்கரையும் உடம்பால் மறித்து பிளாக் செய்ய வேண்டும். நடுவில் பந்து பிடிக்கும்போது அடி பக்கவாட்டிலிருந்து வரும். அப்படிப்பட்டவருக்கு இசட் இடம்: கோட்டுக்குப் பின்னால், நகர்ந்தபடி, ஆழமான பந்துகளுக்கு. கிரீன் பேயின் கிறிஸ்டியன் வாட்சன் 2022இல் மினசோட்டாவுக்கு எதிரான தன் முதல் ஆட்டத்தில், அணியின் முதல் தாக்குதலிலேயே நிச்சய டச்டவுனை நழுவவிட்டார். அதே ஆண்டு நவம்பரில் டாலஸுக்கு எதிராக மூன்று டச்டவுன், முதலாவது 58 யார்டு. அவரிடம் கேட்கப்பட்டது அவருடைய வேகத்துக்கு ஏற்ற ஆழமான ஓட்டமும் குறுக்கோட்டமும்தான். ஜேமிசன் வில்லியம்ஸை டெட்ராய்ட் கையாண்ட விதமும் இதே சாயல். முழங்கால் காயத்தோடு 12ஆவது இடத்தில் வந்தவர்; முதல் ஆண்டு ஒரே கேட்ச், இரண்டாம் ஆண்டு 24, நடுவே சூதாட்ட விதிமீறலுக்குத் தடை. மூன்றாம் ஆண்டு 1,001 யார்டு. ஏணியில் படி படியாக ஏற்றினார்கள்.

வழி மூன்று: உட்கார வைப்பது

ஒன்றிரண்டு வாரம் என்றால் மருந்து, அதற்குமேல் விஷம். ஃபிலடெல்ஃபியா 2016 நவம்பரில் அகலோரைக் கிரீன் பே ஆட்டத்துக்கு உடை மாற்றவே விடவில்லை. தலைக்குள் அழுத்தம் ஏறிவிட்டதை அவரே ஒப்புக்கொண்டிருந்த நேரம், அந்த ஒரு வார மூச்சு தேவைப்பட்டது. ஆனால் எண்களைத் திருப்பியது அந்த வாரம் இல்லை, அடுத்த ஆண்டின் இடமாற்றம்.

நீண்ட நாள் உட்கார வைப்பதன் சிக்கல் பயிற்சி நேரத்தில் இருக்கிறது. வீரர் சங்கத்தோடு லீக் செய்த ஒப்பந்தப்படி, பருவம் முழுவதற்கும் முழுக் கவசத்தோடு 14 பயிற்சிகள்தான். வாரப் பயிற்சியின் பெரும்பகுதி முதல் அணிக்குப் போகிறது. உட்கார்ந்தவருக்கு ஸ்கவுட் அணி வேலை: எதிரணியின் ரூட்டுகளை அட்டையைப் பார்த்து ஓடிக் காட்டுவது. அதில் ஒரு லாபம் உண்டு. தினமும் சொந்த அணியின் முதல்நிலைக் கார்னரோடு மோதலாம், வெளியேறும் வித்தையைப் பழகலாம். நட்டம் பெரிது: தன் அணியின் ஆட்டத்தைக் கற்பதே இல்லை, தன் குவாட்டர்பேக்கின் பந்து வருவதே இல்லை. மினசோட்டா 2016இல் 23ஆவது இடத்தில் எடுத்த லாக்வான் ட்ரெட்வெல் முதல் பருவத்தை ஒரே கேட்ச், 15 யார்டோடு முடித்தார். அங்கே அவர் முதன்மை ரிசீவராக ஆகவே இல்லை.

ஆட்ட நாளில் உடை போடுபவர்கள் 48 பேர்தான், அதில் ரிசீவர்கள் நான்கைந்து பேர். நான்காவது, ஐந்தாவது ஆளாக இருப்பவர் பண்ட்டில் (பந்தை உதைத்து எதிரணிக்குக் கொடுக்கும்போது) கன்னராக, அதைப் பிடிப்பவரை முதலில் போய் வீழ்த்துபவராக, ஓடத் தெரிந்திருக்க வேண்டும். சிறப்பு அணி வேலை தெரியாத முதல் சுற்று வீரர் உட்கார வைக்கப்பட்டால், திரும்பி வரும் வாசலும் அடைபடும். மே மாதத்திலேயே அதைக் கற்றுக்கொடுத்துவிடுவது நல்லது. கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

வழி நான்கு: வேறு அணிக்குக் கொடுப்பது

பயிற்சியாளரும் ஆட்ட முறையும் மாறிவிட்டால், அல்லது குவாட்டர்பேக் இவர் பக்கம் பார்ப்பதையே நிறுத்திவிட்டால், இது இருவருக்கும் நல்லது. ஜெரி ஜூடியை டென்வர் 2024 மார்ச்சில் ஐந்தாம், ஆறாம் சுற்றுத் தேர்வுகளுக்குக் கிளீவ்லாந்துக்குக் கொடுத்தது. அந்தப் பருவத்திலேயே 90 கேட்ச், 1,229 யார்டு; டென்வருக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 235 யார்டு.

எதிர்ப்பக்க உதாரணங்களும் உண்டு, அவை வாங்குபவருக்கானவை. 2022 பருவத்தின் நடுவில் சேஸ் கிளேபூலுக்காக சிகாகோ ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வைக் கொடுத்தது. அது டிராஃப்டில் 32ஆவது இடமாகப் போய் நின்றது. மிச்சப் பருவத்தில் கிடைத்தது 14 கேட்ச், 140 யார்டு. அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். நவம்பரில் வரும் ரிசீவர் புதிய ஆட்ட மொழியை ஒரே வாரத்தில் விழுங்க வேண்டும். கடாரியஸ் டோனியின் கதை இன்னும் தந்திரமானது. கான்சஸ் சிட்டிக்கு வந்த அதே பருவத்தின் சூப்பர் பவுலில் ஒரு டச்டவுனும் 65 யார்டு பண்ட் ரிட்டர்னும் தந்தார். வாங்கிய விலை அங்கேயே வசூல். அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்தில் அவர் கையில் பட்டுத் தெறித்த பந்து எதிரணிக்கு டச்டவுனானது. 2024 ஆகஸ்டில் விடுவிக்கப்பட்டார்.

பணக் கணக்கு: ஒப்பந்தக் கையெழுத்துப் பணம் ஆண்டுகளுக்குப் பங்கிட்டுக் கணக்கில் ஏறுகிறது. ஆளைக் கொடுத்தால் மிச்சப் பங்கு முழுவதும் பழைய அணியின் சம்பள உச்சவரம்பிலேயே விழும். ஜூன் 1க்குப் பிறகு கொடுத்தால் ஒரு பகுதி அடுத்த ஆண்டுக்குத் தள்ளும். புதிய அணி அடிப்படைச் சம்பளம் மட்டும் தரும். வாங்குபவருக்கு மலிவு என்பதால்தான் தடுமாறும் இளம் ரிசீவருக்கும் சந்தை இருக்கிறது.

வழி ஐந்து: பிராக்டிஸ் ஸ்குவாட்

பிந்தைய சுற்றில் எடுத்தவருக்கு மட்டும் இதை யோசிக்கலாம். நான்கு பருவச் சேவை முடியாதவரை நீக்கினால் அவர் வெய்வர் வரிசை வழியாகப் போக வேண்டும். மற்ற 31 அணிகளில் எது வேண்டுமானாலும் கையை நீட்டலாம். யாரும் எடுக்காமல் உங்கள் ஸ்குவாடுக்கு வந்தாலும், வேறு அணி தன் 53 பேர் பட்டியலில் சேர்க்க அழைத்தால் போய்விடுவார். பிரஷாட் பெரிமேனை பால்டிமோர் 2018இல் நீக்கியது; அடுத்த ஆண்டு டாம்பா பேவில் 645 யார்டு, 6 டச்டவுன். திறமை உண்டென்று நீங்களே நம்பும் ஆளை இந்த வழியில் வைக்காதீர்கள்.

காலக் கணக்கு

முதல் சுற்று வீரரின் ஒப்பந்தத்தை ஓர் ஆண்டு நீட்டும் ஐந்தாம் ஆண்டு உரிமையை அணி எடுத்துக்கொள்வதா என்பது மூன்றாவது பருவம் முடிந்த மே மாதத் தொடக்கத்தில் முடிவாக வேண்டும். 2020 ஒப்பந்தத்துக்குப் பிறகு எடுத்தால் முழுச் சம்பளமும் உத்தரவாதம். ஆகவே இரண்டு பருவம் தடுமாறியவருக்கு உண்மையில் மிச்சம் இருப்பது ஒரு பருவம்.

அதை இப்படிச் செலவிடலாம். ஜனவரியில் அந்த 150 ரூட்டுகளைப் பார்த்துவிடுங்கள். கோடையில் நடக்கும் 10 நாள் குழுப் பயிற்சியில் மோதல் கிடையாது. அதனால் ரூட் ஆழமும் படிப்பும் மட்டும் அங்கே. கோட்டிலிருந்து வெளியேறுவதைக் கை மெத்தையோடு தனியாகப் பழகட்டும், இரண்டு எட்டுக்குள் முடிய வேண்டும் என்ற கணக்கில். ஆகஸ்ட் முகாமில் புதிய இடம், ஐந்து ரூட். ஆறாவது வாரம் மீண்டும் படம். வீரர் பரிமாற்றக் கெடு ஒன்பதாவது வாரம் முடிந்த செவ்வாய். அதற்குள் கேட்க வேண்டிய கேள்வி, மேன் தடுப்புக்கு எதிராக அவர் ஜனவரியில் கண்டதைவிட அதிகமாக விலகுகிறாரா என்பதுதான். விலகுகிறார், ஆனால் மூன்று பந்து நழுவியிருக்கிறது என்றால் வைத்துக்கொள்ளுங்கள், எவ்வளவு கத்தினாலும். ஒரு பந்தும் நழுவவில்லை, ஆனால் எந்தக் கார்னரையும் தாண்டவில்லை, பிடித்ததெல்லாம் பபிளும் ஹிட்சும் என்றால், அந்தச் சுத்தமான எண்களைக் காட்டி விலை பேச அதைவிட நல்ல வாரம் கிடைக்காது.